கை கழுவும் முன் ஒரு வார்த்தை

எங்கள் அக்கா முத்தியால்பேட்டையில் பிறந்தார். அண்ணனுக்கு இளையவர், எனக்கு மூத்தவர். போன வருடம் இதே திதியில் கதிர்காமம் மருத்துவமனையில் கண்ணை மூடினார். முதல் வருட நினைவு மலரில் என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் தோட்ட வேலை செய்கிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போவதில்லை.

முதல் பக்கத்தில் அக்காவின் படத்துக்குக் கீழே போட அண்ணன் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார். "வாழ்நாளில் ஒரு சுகமும் காணாமல் மறைந்த எங்கள் குலவிளக்கே" என்று. அந்த வரி இப்போது அங்கே இல்லை. அச்சகத்துக்குப் போய் எடுக்கச் சொன்னவன் நான்தான்.

இந்த மாதிரி கட்டுரையில் பட்ட கஷ்டங்களைச் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். அக்காவின் கணவர் பெயிண்டர். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயத்தில் சாரத்திலிருந்து விழுந்து அவருக்கு இடுப்பு முறிந்தது. அதற்குப் பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. அக்கா கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில் அறை துடைத்து மெத்தை விரிக்கும் வேலைக்குப் போனார். வீட்டில் கணவர் சமைக்க ஆரம்பித்தார். உறவுக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கஷ்டம் இவ்வளவுதான்.

முதலில் அவருக்குச் சமைக்க வரவில்லை. தட்டை வைத்துவிட்டு, திட்டு வாங்கப் போகிறவர் போல சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் சாப்பிட்டு எழுந்த மகளின் கையை அக்கா பிடித்து நிறுத்தினார்.

"கைய நனைக்காத. இன்னா நல்லா இருந்துச்சின்னு அப்பாகிட்ட சொல்லிட்டுப் போ."

குழந்தை நன்றாக யோசித்து, "அப்பளம்" என்றது. அன்றைக்கு அப்பளம் கருகிப்போயிருந்தது. அவர் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அது சட்டம். சாப்பிட்ட கை காயும் முன் சமைத்தவரிடம் நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும். குறை இருந்தால் கை கழுவிய பிறகு சொல்லலாம். அக்கா அதையும் விடமாட்டார்.

"புளிய கரச்சி ஊத்துனீங்களா, மூட்டையோட கொட்டுனீங்களா?"

"நாளைக்கு நீ சமைச்சிக்கம்மா. நான் போயி மெத்த விரிக்கறேன்."

வேலை முடிந்து பல நாள் நான் அங்கேதான் சாப்பிட்டேன். அந்தச் சண்டையைக் கேட்பதற்காகவே இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொள்வேன்.

ஒரு பொங்கலுக்கு ரெட்டியார்பாளையத்திலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். சாப்பிட்டதும் அண்ணி எழுந்து குழாயடிக்குப் போனார்.

"அண்ணி, கைய நனைக்காதீங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போங்க" என்றார் அக்கா.

"இன்னாத்த சொல்றது? வாழக்கா வறுவல்தான."

"அதான் வாய்ல வந்துடுச்சே, போதும். போயி கழுவுங்க."

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "ஒனக்கு வேற வழியில்ல. அதான் இதையெல்லாம் சந்தோஷம்னு சொல்லிக்கற" என்றார்.

அக்கா இலையை எடுத்துக்கொண்டே, "வழி இருக்கற ஒங்க வூட்ல யாருண்ணே சிரிக்கறாங்க?" என்று கேட்டார். அண்ணன் எழுந்து குழாயடிக்குப் போனார்.

கருமாதி அன்று பந்திக்கு அண்ணன் சமையல் ஆள் வைத்தார். படையலுக்குத் தானே சமைப்பேன் என்று அக்காவின் கணவர் பிடிவாதம் பிடித்தார். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கத்தரிக்காய் காரக்குழம்பும் வாழைக்காய் வறுவலும் செய்தார். படைத்தது போக மிச்சத்தைப் பந்தியில் போட்டோம். கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார்கள். கையைக் கழுவிக்கொண்டு நேராக அவர் எதிரில் வந்து உட்கார்ந்து, "ஒரு சொகமும் காணாம போயிட்டாளே" என்று அழுதார்கள். அவருக்குக் காது இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவர் அடுப்படிக்குள் போகவில்லை. கடையில் ரொட்டி வாங்கி டீயில் நனைத்துத் தின்றார். அக்கா மகள் என்னிடம் வந்து நின்றாள்.

"சின்ன மாமா, அம்மா நமக்காக நடிச்சாளான்னு அப்பா கேக்கறாரு. நான் இன்னா சொல்லட்டும்?"

"நடிக்கறவங்க புளி ஜாஸ்தின்னு சண்ட போட மாட்டாங்கன்னு சொல்லு" என்றேன். அவளைப் போகச் சொல்லிவிட்டு, பிறகு நானே எழுந்து போனேன். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

மருத்துவமனையில் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காத கடைசி நாட்கள். வார்டு இருந்த மாடிக்கு ஏற அவள் அப்பாவுக்கு இடுப்பு விடாது. மிளகு ரசம் வைத்து என்னிடம் கொடுத்தனுப்புவார். ஒரு நாள், ஊட்ட விடாமல் அக்கா தன் கையாலேயே சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை. நர்சம்மா ஈரத்துணியோடு கையைத் துடைக்க வந்தார். அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"இரும்மா. இன்னும் சொல்லல."

பிறகு என்னைப் பார்த்து, "மொளகு வாசன நல்லா இருக்குதுடா" என்றார். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினார்.

சமைத்தவர் அங்கே இல்லை. மகளும் இல்லை. யாருக்காக நடிக்க வேண்டும்?

இதை அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் மிளகு இடிக்கும் சத்தம் கேட்டு எழுந்ததாக மகள் சொன்னாள்.

அவ்வளவும் ஆன பிறகு அந்த வரியை அச்சில் போட்டு, அவர் கையிலேயே ஒரு பிரதியைக் கொடுக்கப் பார்த்தார்கள். அண்ணன் போனில் கத்தினார். "அஞ்சாவது படிச்சவன், நான் எழுதனத அடிக்கறியா?"

"அடிச்சிட்டேண்ணே" என்றேன். எனக்கு அவ்வளவுதான் வந்தது. மீதியைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அக்காவுக்குப் பதிலாக அறைகளைத் துடைத்துக் கொடுத்த கெஸ்ட் ஹவுஸ் தோழிகள். கையைத் துடைக்காமல் காத்து நின்ற அந்த நர்சம்மா. கூப்பிட்டபோதெல்லாம் காரை எடுத்துக்கொண்டு வந்த அண்ணன். அது வேறு, இது வேறு. காருக்கு நன்றி, அந்த வரிக்கு இல்லை.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது பந்தி போட்டிருப்போம். இன்றைக்குச் சமையல் ஆள் இல்லை. எல்லாம் அக்காவின் கணவர் சமைத்தது. அடுப்படி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். குழாயடிக்கு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பளம் என்று சொன்னாலும் போதும். அதுகூட வாயில் வராதவர்கள் இந்த மலரை இலையிலேயே வைத்து மூடிவிட்டுப் போகலாம்.