ராசி மஞ்சள்

எண்பதுகளில் நான் காரைக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒருவர் அங்கே வந்தார். அவரைப் போன்றவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். விறைத்த முதுகு, இரண்டு இமைகளிலும் மஞ்சள் திட்டுகள். பேச்சுக்கு நடுவே சுண்டுவிரலால் அவற்றைத் தடவிக்கொள்வார்.

“எங்க வம்சத்து ராசி தம்பி. அப்பாருக்கும் இருந்துச்சு, பெரியவனுக்கும் இருந்துச்சு.”

பெரியவன் என்றது மூத்த மகனை; அவன் பாரீசில் முப்பத்து நான்கு வயதில் மாரடைப்பில் போய்விட்டான். குடும்பத்தில் எல்லோருக்கும் ரத்தத்தில் கொழுப்பைப் பார்க்கச் சொல்லி அங்குள்ள டாக்டர் எழுதியிருந்தார்.

மறுநாள் முடிவைச் சொன்னேன். கொழுப்பு ஏகத்துக்கு இருந்தது. அந்த மஞ்சளே கொழுப்புதான், பரம்பரையாக வருவது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது அதற்கு உருப்படியான மருந்தும் இல்லை.

சுண்டுவிரல் இமையிலேயே நின்றுவிட்டது.

“மக பாரீசுலதான் இருக்கு. அதுக்கும் மஞ்சள் விழுந்துருக்குன்னு போன மாசம் எழுதியிருந்துச்சு.”

“நீங்க என்ன எழுதினீங்க ஐயா?”

“ராசி உங்கிட்ட வந்துருச்சு, சந்தோஷமா இருன்னு எழுதினேன்.”

பரிசோதனைத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த கடிதத்தை எந்த வார்த்தையில் தொடங்கினாரோ, இன்றுவரை எனக்கு ஒரு வார்த்தையும் தோன்றவில்லை.