ராஜலக்ஷ்மி கையெழுத்துப் போடாத அடித்தளம்

ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் ராஜலக்ஷ்மியின் கணவர் முரளி போன் செய்தார். "ராஜி போயிட்டா, பாலு" என்றார். புற்றுநோய் என்று தெரியும், நாள் நெருங்குகிறது என்றும் தெரியும். இருந்தாலும் மனம் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் கோயில் கமிட்டித் தலைவர் பேசியதைக் கேட்டபின் இனி ஆறவும் ஆறாது.

"ரொம்ப நல்ல மனசு. ஆனா கொஞ்சம் பிடிவாதம். எதையும் காம்ப்ளிகேட் பண்ணுவாங்க" என்றார் அவர். கோயிலுக்கு வருகிற உங்களில் சிலர் சிரித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராஜியும் நானும் இங்கே அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் ஊரில், கட்டட வடிவமைப்பு ஆபீஸ் ஒன்றில் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒருமுறை சின்ன கார் ஷெட்டின் அடித்தளத்துக்கு, மண்ணை வரிசையான ஸ்பிரிங்குகளாக வைத்துக் கம்ப்யூட்டரில் மணிக்கணக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தக் குட்டைக் கான்கிரீட் எங்கப்பா வளையப் போகுது? விறைப்பா இருக்குன்னு எடுத்துக்கிட்டுக் கையால போடு. லஞ்சுக்குள்ள முடிஞ்சிரும்." பிறகு எப்போதுதான் ஸ்பிரிங் வேண்டும் என்று கேட்டேன். "நீளமா, மெலிசா இருந்தா வளையும். அடியில மண்ணு இடத்துக்கு இடம் மாறினாலும் அப்படித்தான். அப்ப ஸ்பிரிங் மேல படுத்திருக்கிற உத்தரமா நினைச்சுப் பாக்கணும்." இவளா எதையும் சிக்கலாக்குகிறவள்?

கோயில் விஷயத்துக்கு வருகிறேன். ஒய்டூகே என்று இரண்டாயிரமாவது ஆண்டுக் கம்ப்யூட்டர் கோளாறைச் சரிசெய்யும் வேலைக்கு வந்தவர்களால் கூட்டம் பெருகி, பழைய கிடங்கு ஒன்றை வாங்கிக் கோயிலாக்கினோம். கருங்கல் சந்நிதிகள் வரிசையாக ஒரே நீளமான அடித்தளத்தின்மேல் உட்கார வேண்டும். பாதி இடம் கெட்டி மண், மீதிப் பாதி என்றோ தூர்த்த குட்டை. கமிட்டி வாங்கி வந்த வரைபடமோ, அடித்தளம் வளையாது, மண் முழுக்க ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு போட்டது. கட்டடக் குழுவில் இன்ஜினியராக இருந்த ராஜி அதில் கையெழுத்துப் போட மறுத்தாள். "குட்டைப் பக்கம் இறங்கும், கெட்டிப் பக்கம் இறங்காது. ரெண்டும் சேர்ற இடத்துல மேல்பக்கம் பிளக்கும். அங்க மேலயும் கம்பி வேணும். மண்ணை இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணுங்க."

"கும்பாபிஷேகத்துக்கு முகூர்த்தம் குறிச்சாச்சும்மா. ஸ்தபதிங்களுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க, சாமி பாத்துப்பார்" என்றார் தலைவர்.

"சாமி பாத்துப்பார்னா இன்ஜினியர் கையெழுத்து எதுக்கு அங்கிள்?" என்றாள் ராஜி.

வேறொருவர் கையெழுத்துப் போட்டார். குறித்த நாளில் குடமுழுக்கு நடந்தது. ராஜியைக் கட்டடக் குழுவிலிருந்து பிரசாதக் குழுவுக்கு மாற்றினார்கள். மௌரி அவென்யூ மளிகைக் கடையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நல்ல காரியத்துக்குக் குறுக்கே நின்றவளாம்.

மழைக்காலம் முடிவதற்குள், அவள் சொன்ன இடத்திலேயே தரை பிளந்தது. கமிட்டி அதன்மேல் கம்பளம் விரித்தது! அப்புறம் ஓசைப்படாமல் ராஜிக்குத்தான் போன் செய்தார்கள். உடம்பு ஏற்கெனவே முடியாமல் இருந்தவள், போய்ப் பார்த்து, அடித்தளத்தைப் பலப்படுத்த முழு வரைபடமும் போட்டுக் கொடுத்தாள். வெளியே தெரிந்தால் நன்கொடை நின்றுவிடும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சரி என்றுவிட்டாள். அவள் மேஜையில் அந்த வரைபடத்தைப் பார்த்து விஷயம் தெரிந்து நான் கத்தினேன். "யார் மேலயும் கல்லு விழாம இருந்தா போதும், விடு பாலு" என்றாள். அப்படி விட்டதற்காக அவள்மேலும் எனக்குக் கோபம்தான்.

கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் முரளி என் கையைப் பிடித்தார். "நிஜத்தைச் சொல்லுங்க பாலு. அவ கணக்குல தப்பு இருந்துதா? 'உன்னாலதான் கோயில்ல யாரும் நம்மகூடப் பேசறதில்லை'ன்னு கடைசி வரைக்கும் அவளைத் திட்டிட்டே இருந்தேன்."

வீட்டில்கூடச் சொல்லவில்லை அவள். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதர் கார்மேல் சாய்ந்து நின்று அழுதார். உள்ளே தலைவர் எல்லோருக்கும் காபி கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தவள் ராஜி. நான் கொடுக்கவில்லை. இன்று நீங்கள் நின்று கும்பிடும் தரை அவள் போட்ட கணக்கில் நிற்கிறது. அவள் விழுங்கிக்கொண்டு போன கோபத்தை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். தலைவர் இரங்கல் பேசிய அதே மேடையில் ஏறி, இந்தத் தரை ராஜியின் கணக்கு என்று அவள் பெயரைச் சொல்லும் வரைக்கும் அது என்னிடம் இருக்கும்.