முழங்கால் தேர்ந்தெடுத்த படகு

எனக்கு சீட் கவர் கடை. பெங்களூரு விவேக் நகரில் எங்கள் தெருமுனைக்கு ஸ்கூட்டர் வந்தாலும் ஆட்டோ வந்தாலும் நான் வண்டியைப் பார்ப்பதில்லை, இருக்கையைத்தான் பார்ப்பேன். அதனால் அக்கா ஒரு நாள் கடைக்கு வந்து, "டேய், எனக்கு ஒரு படகு வேணும்டா" என்றபோது என் வாயில் முதலில் வந்த கேள்வி, "சரி, எங்க உக்காருவ?"

சிரிக்காமல் கேட்டேன். அவளும் சிரிக்காமல், "அதாண்டா பிரச்சினையே" என்றாள்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெருவில் எல்லோருக்கும் அவள் 'சிஸ்டர்'. மீன் பிடிக்கும் பைத்தியம் முதலில் எனக்குத்தான் பிடித்தது. வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு வாடிக்கையாளர், தன் பைக்குக்குப் புது சீட் போட்ட கையோடு ஃப்ளை ராடு என்கிற பழைய தூண்டில் கம்பு ஒன்றையும் அதன் ரீலையும் என் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். இதில் புழு கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரியோ குட்டி இறால் மாதிரியோ செய்திருப்பார்கள். அதற்கு எடையே இல்லை. ஆகவே லைன் என்கிற தூண்டில் கயிற்றைத்தான் கொஞ்சம் கனமாகச் செய்கிறார்கள். அதை முன்னும் பின்னும் வீசி, அது போகிற வேகத்தில் பூச்சியைக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்க வேண்டும்.

அக்காவுக்குத் தோள்பட்டை இறுகிப்போய்க் கை மேலே தூக்க முடியாமல் இருந்த காலம் அது. "கையைத் தூக்கித் தூக்கி இறக்குங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். சும்மா தூக்கி இறக்க யாருக்குப் பொறுமை? மொட்டை மாடியில் நான் லைன் வீசுவதைப் பார்த்து, "அத இப்படிக் குடு" என்று வாங்கினாள். தோள் சரியாகிவிட்டது, ராடு மட்டும் திரும்பி என் கைக்கு வரவில்லை. பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிற அம்மா, "இன்னா சிஸ்டர், காக்கா ஓட்டுறீங்களா?" என்று கேட்பார். "இல்லம்மா, காக்காவுக்கு டிராபிக் கிளியர் பண்றேன்" என்பாள் அக்கா.

மொட்டை மாடியில் துளசித் தொட்டியைக் குறிபார்த்து பூச்சியை இறக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். என்னைவிட நன்றாக வீசுவாள், அதில் எனக்கு வருத்தம் கிடையாது, பெருமைதான். ஆனால் தொட்டியில் மீன் இல்லையே. அவளுக்கு ஒரு மீன் வேண்டும். யாரோ பிடித்துக் கையில் கொடுக்கிற மீன் இல்லை. அவளே பார்த்து, அவளே வீசி, அவளே இழுத்து, அவளே கையில் எடுக்கிற மீன். ஒன்று போதும் என்றாள்.

அதற்குள் முழங்கால் குறுக்கே வந்தது. ஆபரேஷன் செய்து மூட்டு மாற்றியாயிற்று. நடக்கிறாள், படி ஏறுகிறாள். ஆனால் குத்துக்கால் போட்டு உட்காரக்கூடாது, முழங்காலுக்குக் கீழான இருக்கையில் உட்காரக்கூடாது, காலை ஊன்றிக்கொண்டு உடம்பைத் திருகித் திரும்பக்கூடாது. தண்ணீரில் இறங்கி வழுக்குப் பாறையில் நிற்பது நினைத்தே பார்க்க முடியாது. எனவே படகு.

"நம்ப அப்பா தங்கச் சுரங்கத்துல பூமிக்குள்ள எவ்ளோ ஆழம் போனாரு. நான் தண்ணி மேல கூடப் போகக்கூடாதா?" என்று கேட்டாள். கோலார் தங்க வயலில் பிறந்தவன் நான், உடனே கிளம்பிவிட்டேன்.

முதலில் காவிரிக்குப் போனோம். அனுமதி வாங்கிக்கொண்டு மீன் பிடித்து, பிடித்ததைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டிய இடம் அது. அங்கே கிடைக்கிற படகு பரிசல் ஒன்றுதான். நடுவில் ஒரு பிரம்பு மோடாவைப் போட்டு அக்காவை உட்கார வைத்தேன். இருக்கை பிரமாதம், உயரம் சரி. ஆனால் ஓட்டத்தில் பரிசல் சுற்ற ஆரம்பித்தது. அக்கா மேல்கரையைப் பார்த்து வீசினால், பூச்சி விழும்போது அவள் கீழ்க்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வீச்சில் லைன் பரிசல்காரர் கழுத்தில் மாலையாக விழுந்தது. அவர் துடுப்பை நிறுத்தி, கும்பிட்டு, "மாலை ஆயித்து, இன்னும் பொன்னாடை உண்டா அக்கா?" என்றார். கன்னடமும் தமிழும் கலந்து அவர் பேசியதை அக்கா வீட்டுக்கு வந்தும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மீன் இல்லை.

பிறகு நான் படகு வேட்டையில் இறங்கினேன். காற்றடிக்கிற கயாக் படகு ஒன்றை ஒரு தெரிந்தவரிடம் இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்து எங்கள் ஹாலில் வைத்துப் பம்ப் அடித்தேன். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் சரியாக அடைத்துக்கொண்டு நின்றது. அக்கா உட்கார்ந்தாள். இருக்கை தரையோடு தரை. எழுந்திருக்க முடியவில்லை. நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தும் முடியாமல், கீழ்வீட்டுக்காரரையும் கூப்பிட வேண்டியதாயிற்று. என் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே, "அண்ணி, இது படகா இல்ல ஸ்ட்ரெச்சரா?" என்றாள். "ஸ்ட்ரெச்சர்ல ஏத்தறதும் இறக்கறதும் இதவிட ஈஸிம்மா" என்றாள் அக்கா, அனுபவத்தில்.

ஆழமில்லாத கடலுக்கென்றே இருக்கிற தட்டைப் படகு ஒன்று உண்டு. முன்பக்கம் நின்றுகொண்டு வீசுவதற்கு மேடை வைத்திருப்பார்கள். அதில் நிற்பவர் ஒவ்வொரு மீனுக்கும் இடுப்பையும் காலையும் திருப்ப வேண்டும். அது போயிற்று. ஆற்றுக்கான ராஃப்ட் என்கிற பெரிய ரப்பர் மிதவையில் சுழலும் நாற்காலி பொருத்தியதைப் படத்தில் பார்த்தேன். அதை மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏற்றுவதை நினைத்ததும் போனை அணைத்துவிட்டேன்.

மற்ற சாமான்களை அக்கா சுளுவாகத் தேர்ந்தெடுத்தாள். ராடுகளுக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏறக் கம்பு முரடு. ஆற்றுக்கு என்னிடம் இருந்தது ஐந்து. கடற்காற்றுக்கு எட்டு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அக்கா எட்டைக் கடையில் ஆட்டிப் பார்த்து, "என் தோளு திரும்பக் கையெழுத்துப் போட்டு அட்மிட் ஆயிடும்" என்று ஏழாம் நம்பரை எடுத்தாள். ரீல் உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும், அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மீன் வாயிலிருந்து முள்ளை எடுக்கிற கத்தரி மாதிரிச் சாமானைக் கடைக்காரர் காட்டியபோதுதான் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "இது ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் தம்பி. இதப் புடிச்சிக்கினுதான் என் வாழ்க்கையே ஓடிச்சு. எனக்கே விக்கிறீங்களா?"

எல்லாம் வந்து சேர்ந்தது, படகு மட்டும் இல்லை. ஒரு மத்தியானம் என் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று சொன்னாள்.

"ஆத்துல ஒண்ணு கவனிச்சியாடா? நான் திரும்பவே இல்ல. பரிசல்தான் என்னத் திருப்புச்சு."

"திருப்புச்சா? பைத்தியம் புடிச்ச மாதிரி சுத்துச்சுக்கா."

"ஓட்டம் இருந்துது, சுத்துச்சு. ஓட்டமில்லாத தண்ணில?"

ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்த என் கத்தரி பாதியில் நின்றது. உப்பங்கழியில், முழங்கால் ஆழத் தண்ணீரில், ஒரு மூங்கிலைச் சேற்றில் ஊன்றிப் பரிசல் விளிம்போடு பிடித்துக்கொண்டால் அது அங்கேயே நிற்கும். துடுப்பால் லேசாகத் தள்ளினால் நாம் சொல்கிற பக்கம் திரும்பும். அக்காவின் கால் அசையவே வேண்டாம். ஆற்றுக்காரன் படகைக் கடலுக்குக் கொண்டுபோனால் நாலு பேர் சிரிப்பார்களே என்றேன். "சிரிக்கட்டும். சிரிச்சா மீன் ஓடிடுமா?" என்றாள்.

ஃபைபர் பரிசல் ஒன்று வாங்கினோம். இருக்கையை நானே செய்தேன். அக்காவின் சமையலறை நாற்காலியின் உயரத்தை அளந்து, ஸ்டூலின் கால்கள் பரிசலின் அடியைக் குத்தாமல் ஒரு வட்டப் பலகையில் பதித்து, மேலே ஆட்டோ சீட்டுக்குப் போடுகிற கெட்டி ஸ்பாஞ்சை வைத்து, நீல ரெக்சினில் வெள்ளை நூலால் தைத்தேன். வாழ்க்கையில் நான் தைத்த சீட்டுகளிலேயே அதுதான் அழகானது.

மினிலாரியில் பரிசலைக் கவிழ்த்துக் கட்டினோம். டிரைவர் பக்கத்தில் அக்கா, அவள் பக்கத்தில் நான். பொம்மனஹள்ளி சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "எங்க அண்ணா கல்யாணம்? இவ்ளோ பெரிய பிரியாணி அண்டா!" என்று கேட்டார்.

அக்கா ஜன்னல் வழியாகக் குனிந்து, "மீன் பிரியாணி! மீனுதான் இன்னும் வரல" என்றாள்.

"வந்தா போன் பண்ணுங்க சிஸ்டர்!" என்று சொல்லிக்கொண்டே அவர் பறந்துவிட்டார். அவளை சிஸ்டர் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கிருஷ்ணகிரி வரை பேசிக்கொண்டு போனோம். "முகத்துலயே ஊசி இருக்குது" என்று டிரைவர் தீர்ப்புச் சொன்னார்.

மரக்காணம் பக்கம், உப்பளங்களைத் தாண்டி, கடலோடு சேர்கிற ஒரு கழியில் பரிசலை இறக்கினோம். அக்கா கரையிலேயே சீட்டில் உட்கார்ந்து, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டாள். டிரைவரும் நானுமாகத் தள்ளினோம். பிறகு நான் ஏறி அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மூங்கிலை ஊன்றிப் பிடித்தேன். பரிசல் நின்றது. துடுப்பை லேசாகத் தட்டினேன். அக்கா ஒரு கடிகார முள் மாதிரி மெல்லத் திரும்பினாள். திரும்பும்போதே அவள் முகத்தில் சிரிப்பு விரிந்ததைப் பார்த்தேன்.

"மூணு மணி பக்கமா திருப்பு. போதும் போதும். இன்னும் துளி. அங்க தண்ணி கலங்குது பாரு."

காற்று இருந்தது. முதல் வீச்சு அவள் தொப்பியிலேயே மாட்டியது. அடுத்தது குட்டையாக விழுந்தது. கொஞ்ச நேரத்தில் காற்று எப்படி வருகிறதென்று பழகிவிட்டாள். கலங்கல் தெரிகிற இடத்துக்கு ஒரு முழம் முன்னால் இறால் பூச்சி சத்தமில்லாமல் இறங்கியது. இழுத்தாள், நிறுத்தினாள், இழுத்தாள். லைன் விறைத்தது.

"டேய்!" என்றாள். அவ்வளவுதான்.

மீன் பக்கவாட்டில் ஓடியது. துடுப்பை எடுக்க நான் கையை நீட்டுவதற்குள் பரிசல் தானாகவே திரும்பிவிட்டது. மீன் இழுக்கிற பக்கமே அக்காவின் முகமும் போனது. அது இந்தப் பக்கம் வந்தால் இவளும் இந்தப் பக்கம். மீனே படகோட்டி. எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. மீனை அள்ளுகிற கைவலையை எடுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தேன்.

"கைய எடுறா."

எடுத்தேன். அவளே ஒரு கையில் ராடை உயர்த்தி, மறு கையில் வலையை வாங்கி, குனிந்து அள்ளினாள். முழங்கை நீளம்கூட இல்லாத கொடுவா. வெள்ளிப் பளபளப்பு. அதை நனைத்த கையால் பிடித்து, சட்டைப் பையிலிருந்து ஃபோர்செப்ஸை எடுத்தாள்.

"ஆ காட்டு ராஜா. அவ்ளோதான், அவ்ளோதான். வலிக்காது. முடிஞ்சிது."

முள் வந்துவிட்டது. போட்டோ எடுக்க நான் போனைத் தேடுவதற்குள், "நீ சின்ன பையன், டிஸ்சார்ஜ்" என்று தண்ணீரில் விட்டாள். கையை மிதவைச் சட்டையில் துடைத்தாள். பிறகு ரொம்ப நேரம் மீன் போன பக்கத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் நாங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் ஓடும், ஆனால் நம்மைத் தரையில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடாது. கடல் தண்ணீர் போய்விடும். நான் மூங்கிலைப் பிடுங்கிக் கரைக்குத் திருப்பலாம் என்று பார்த்தால், பரிசல் சேற்றில் அடுப்பு மேல் வைத்த சட்டி மாதிரி அசையாமல் இருந்தது. சுற்றிலும் நண்டுகள். கரையில் டிரைவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்தச் சேற்றில் அக்கா நடக்க முடியாது.

இறால் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்து வந்த ஒருவர் எங்களைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார்.

"எந்த ஊருங்க?"

"பெங்களூரு" என்றேன்.

"அங்கெல்லாம் தண்ணி வந்து வந்து போவாதா?"

"வரும்ணா, டேங்கர்ல" என்றாள் அக்கா.

அவர் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "சாயங்காலம் திரும்ப ஏறும். அவசரம்னா நாலு பேரக் கூட்டியாறேன், கூடையோட தூக்கிட்டுப் போயிடலாம்."

"எனக்கு இன்னா அவசரம்? சீட்டு நல்லா கீது" என்று அக்கா தூக்குச்சட்டியைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதம். இலைத் துண்டில் வைத்து அவருக்கும் கொடுத்தாள். அவர் சேற்றில் நின்றபடியே சாப்பிட்டு, எந்தப் பக்கத்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் முதலில் ஏறும், அதோடு கொடுவா எந்த ஓரமாக வரும் என்று கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

வெயில் சாய்ந்தபோது அந்த வாய்க்காலில் ஒரு கோடு மின்னியது. நண்டுகள் வளைக்குள் போயின. பரிசலின் அடியில் சின்னதாக ஓர் ஆட்டம். நான் மூங்கிலைத் தேடித் திரும்புவதற்குள் என் தலைக்கு மேல் அக்காவின் லைன் விஸ்ஸென்று போனது.