மூச்சுக்குழாய் போன வழி

எண்ணெய் படும் இடத்தில் எந்த ரப்பரைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று கல்லூரியில் நடத்திய அன்று, எனக்கு அது பழைய பாடமாக இருந்தது. லிவர்மோரில் எங்கள் வாடகை வீட்டின் சமையலறை ஜன்னலில் அதை நான் சிறுவயதிலேயே பார்த்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஜன்னலில் அந்தப் பாடத்தை வைத்த அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர்.

வன்னியில் அப்பா மோட்டார் சைக்கிள் திருத்துகிறவராக இருந்தார். அமெரிக்கா வந்தபிறகு தினமும் மலை தாண்டிப் போய், சான்டா கிளாராவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். சோப்புத் தண்ணீரில் ஊறி அவர் விரல்கள் எப்போதும் வெளுத்துக் கிடக்கும். ஒருநாள், டிரக் ஓட்டிக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு செய்தியோடு வந்தார். தூரத்துப் பெரிய மலைமேலே பனியில் ஓட்டும் வண்டிகளை வாடகைக்கு விடும் வெள்ளைக்காரர் ஒருவருக்கு மெக்கானிக் தேவை. படிப்பு, பத்திரம் எதுவும் கேட்கமாட்டார். சொந்தக் கையால் ஒரு வண்டியைத் தயார்செய்து அவருடைய மேட்டில் ஏற்றிக் காட்டினால் போதும்.

எஞ்சின் செத்த பழைய பனிவண்டி ஒன்றை மாமாவே எங்கிருந்தோ இழுத்துவந்தார். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் ஒரு ரப்பர்ப் பட்டை. அதற்குள் அப்பா ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினை இறக்கினார். அந்த நாட்களில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார், குளித்துக்கொண்டே பேசினார். அவருக்கு இவ்வளவு பேச்சு வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கடைசியாக மிஞ்சியது மூச்சுக்குழாய். எஞ்சினுக்குள் சேரும் ஆவியும் எண்ணெய்ப் புகையும் வெளியேற ஒரு ரப்பர்க் குழாய் வேண்டும். கடைக்காரர் கொடுத்ததை அப்பா நம்பவில்லை. பல கடைகளில் வாங்கிய குழாய்களைத் துண்டு துண்டாக வெட்டி, அம்மாவின் ஊறுகாய்ப் போத்தல்களில் எஞ்சின் எண்ணெய் ஊற்றி அதில் ஊறவைத்தார். போத்தல்கள் ஜன்னலில் வெயிலுக்கு வரிசையாக நின்றன.

"இஞ்சாருங்கோ, சொதியிலையும் எண்ணெய் மணக்குது" என்றாள் அம்மா.

"ஒரு கிழமை பொறுமப்பா" என்றார் அப்பா.

மாமா ஒரு போத்தலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். "என்ன அத்தான், மாங்காயோ எலுமிச்சங்காயோ? ஒரு ஹோஸுக்கு இவ்வளவு ஆராய்ச்சியோ?"

"எஞ்சின் மூச்சு விடுற குழாய் மச்சான். உன்ரை மூக்கை ஆரும் பொத்தினா சும்மா இருப்பியோ?"

தண்ணீர் போகிற குழாயின் துண்டு ஒரு வாரத்தில் ஊதி, நசுக்கினால் விரலோடு ஒட்டியது. இன்னொன்று வெடித்திருந்தது. ஒரே ஒரு துண்டு மட்டும் போட்டபடியே கிடந்தது. அப்பா அதைத் துடைத்து, வளைத்து, பல்லால் கடித்துக்கூடப் பார்த்தார். பிறகு என் உள்ளங்கையில் வைத்தார். "பார் தம்பி, இதுக்கு எண்ணெய் ஒண்டும் செய்யாது." பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் அவருக்கு.

குழாயைத் தேர்ந்தெடுக்கத்தான் ஒரு வாரம். பூட்டுவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் போதுமாக இருந்தது. ஊரில் எல்லா மோட்டார் சைக்கிளிலும் எப்படி விடுவாரோ அப்படியே, எஞ்சினிலிருந்து நீளமாகக் கீழே இறக்கி, பின்பட்டைக்குப் பக்கத்தில் நுனியைத் தொங்கவிட்டார். வன்னியில் அதுதான் முறை. சொட்டுகிற எண்ணெய் தரையில் விழும், கொஞ்சம் சங்கிலிக்கும் கிடைக்கும். அதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

மலைக்குப் போகும் வழியில் வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். வாகன பூஜைக்கு நின்ற புதுக் கார்களுக்கு நடுவில், டிரெய்லரில் எங்கள் பனிவண்டி. குருக்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சக்கரமே இல்லையே சார், எலுமிச்சம்பழத்தை நான் எங்க வைக்கறது?" என்றார். கடைசியில் சறுக்குக் கட்டைகளுக்கு அடியில் கட்டைக்கொன்றாக வைத்து, பனியில்லாமல் நகராத வண்டியை மாமாவும் அப்பாவும் தூக்கிப் பழத்தின்மேல் போட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் அதிகம் சிரித்தார்.

மலையில் நான் முதன்முதலாகப் பனியைத் தொட்டேன். அப்பாவுக்கும் அதுதான் முதல். குளிரில் எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும் என்று மாமா சொன்னதால், வண்டியை நின்ற இடத்திலேயே வெகுநேரம் உறுமவிட்டார்கள். அந்த நேரத்தில் நாங்கள் புட்டுச் சாப்பிட்டோம், படம் எடுத்தோம். வெள்ளைக்காரர் வந்து, சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, நல்லது என்பதுபோலத் தலையசைத்தார். அப்பா ஏறி உட்கார்ந்தார். வண்டி பனியை வாரி இறைத்தபடி மேட்டில் பாதிவரை ஏறியது. மாமா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். வண்டி நின்றது. அதன் வயிற்றுக்கு அடியிலிருந்து கறுப்பு எண்ணெய் வெள்ளைப் பனியில் இறங்கி வந்தது.

நாங்கள் மூச்சிரைக்க ஏறிப் போனோம். வெள்ளைக்காரர் மண்டியிட்டு, குழாயின் நுனியைப் பிடித்து இழுத்துப் பிதுக்கினார். உள்ளேயிருந்து மெழுகுவர்த்தித் துண்டுபோல ஒரு பனிக்கட்டி விழுந்தது. அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் ஏதோ சொன்னார்.

"என்னவாம் தம்பி?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"எஞ்சின்ரை மூச்சு குழாய்க்குள்ளேயே ஃப்ரீஸ் ஆயிட்டுதாம். வெளியால போக வழியில்லாம, ஆயிலை அடைச்சு வைக்கிற ரப்பர் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வந்திட்டுதாம். குழாயைக் கீழ விடக்கூடாதாம், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலதான் வைக்கோணுமாம். இஞ்ச எல்லாருக்கும் தெரியுமாம்."

"வேறென்னவாம்?"

"பனி தெரிஞ்ச ஆள்தான் வேணுமாம்."

அப்பா குழாயைத் தடவிப் பார்த்தார். அது ஊதவில்லை, வெடிக்கவில்லை, போட்டபடியே இருந்தது. "ஓம். அவர் சொல்லுறது சரிதான்" என்றார். பிறகு அவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "தாங்க் யூ சார்" என்றார்.

எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. குழாயை வெட்டிச் சின்னதாக்கி மேலே கட்டினால் முடிந்தது. ஏன் இவர் ஸ்பானரை எடுக்காமல் நிற்கிறார் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அப்பா குனிந்து, பனியை அள்ளிக் கையைக் கழுவினார். எண்ணெய் போனபிறகும் கழுவிக்கொண்டிருந்தார். மாமா, "அத்தான், விடுங்கோ, கை விறைச்சிடும்" என்று பிடித்து எழுப்பவேண்டியிருந்தது.

வண்டி மாமா வீட்டுப் பின்புறத்தில் கிடந்து, பிறகு யாரோ கொண்டுபோனார்கள். ஸ்பானர் பெட்டியையும் அப்பா மாமாவிடமே கொடுத்துவிட்டார். எங்கள் காரில் விளக்கு எரியாவிட்டாலும் இப்போது கராஜுக்குத்தான் போகிறது. அப்பா இன்றைக்கும் சான்டா கிளாராவில்தான் பாத்திரம் கழுவுகிறார்.

அன்று திரும்பி வரும்போது, முன் சீட்டிலிருந்த அப்பா ஜன்னலுக்குக் கிட்டப் போய், கண்ணாடியில் மெல்ல ஊதினார். மூச்சு வெள்ளையாகப் படிந்து மறைவதைப் பார்த்தார். மறுபடியும் ஊதினார். அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். பின் சீட்டில் நானும் என் ஜன்னலில் ஊதி, அதில் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்து, "அப்பா, லுக்!" என்று கூப்பிட்டேன்.