ஜெபக்குறிப்பில் ஒரு குடிகாரன்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, நாக்பூர், ஹூப்ளி, விசாகப்பட்டினம் என்று பதினான்கு வருஷம் சுற்றினேன். கடவுள் நம்பிக்கை அந்தச் சாலைகளில் எங்கோ போய்விட்டது. கோபமோ துக்கமோ காரணமில்லை. ஒருநாள் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது, ஜெபம் செய்து பல மாதம் ஆகிவிட்டதே என்று நினைவு வந்தது. யோசித்துப் பார்த்தேன். எதுவும் குறைந்திருக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒருமுறை எங்கள் ஊரான பீர்க்கன்கரணைக்கு வந்தபோது இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆயா. அப்பா இல்லை. ஞாயிறு சர்ச், வெள்ளி மாலை யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம், இதுதான் அவளுடைய உலகம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சாப்புடு, ஆறிடும்" என்றாள். நன்றாகத்தான் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்துக் கிளம்பிப் போனேன்.

மூன்று வருஷம் கழித்து முதுகு போய்விட்டது. லாரி இனி ஆகாது என்று டாக்டர் சொன்னார். ஏரிக்கரைப் பக்கம் அம்மா வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கே திரும்பி வந்தேன்.

சர்ச்சுக்கு நான் போகவில்லை. ஆனால் சர்ச்காரர்கள் என்னிடம் அளவுக்கு மீறிப் பிரியமாக இருந்தார்கள். கடைத்தெருவில் பார்த்தால் கிட்டே வந்து, மிகவும் கிட்டே வந்து, நின்று பேசுவார்கள். பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி எலுமிச்சம்பழங்களைப் பையில் போட்டுக் கொடுத்தாள். "காலைல வெறும் வயித்துல புழிஞ்சு குடிங்க தம்பி. அந்த எண்ணமே வராது." எந்த எண்ணம் என்று நான் கேட்கவில்லை. சும்மா கிடைப்பதை ஏன் என்று கேட்கும் பழக்கம் லாரிக்காரனுக்குக் கிடையாது.

அப்போது அம்மாவின் ஜெபக்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு ரிடையர்ட் ரயில்வே அதிகாரி, குரோம்பேட்டைப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போக ஒரு வேன் வாங்கியிருந்தார். டிரைவர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்த வேலையை முதுகு தாங்கும். இது கிடைக்காவிட்டால் வேறு ஊர் பார்த்துக் கிளம்ப வேண்டியதுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கிளம்பப் பிடிக்கவில்லை.

லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. குடிக்கிறவன நம்பிக் கொழந்தைங்கள ஏத்தி அனுப்ப முடியாது."

"நான் குடிக்கிறதே இல்ல சார். யாரு சொன்னா?"

"உங்க அம்மாதான். மூணு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உனக்காக ஜெபம் பண்றோமேப்பா. நோட்டுலயே இருக்கு." உள்ளே போய் எடுத்து வந்து காட்டினார். ஜெபக்குறிப்புகள் எழுதும் நோட்டு. நாலாவது வரி: ஆயா அம்மா மகன், குடியிலிருந்து விடுதலை.

வீட்டுக்கு வந்தேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்பம்மா நான் குடிச்சேன்?"

அவள் நிமிரவில்லை. "வேற இன்னான்னு சொல்றது? உனுக்காக ஜெபம் பண்ணச் சொல்லணும்னு இருந்துச்சு. குடிக்கிறான்னு சொன்னா, பாவம்மா நீன்னு அழுவாங்க. சாமியே இல்லன்றான்னு சொன்னா, இன்னாத்த வளத்தேன்னு கேப்பாங்க."

வேன் வேலை போன கதையைச் சொன்னேன். கத்தி நின்றது.

"அப்போ வர்ற வெள்ளிக்கெழம சாட்சி சொல்லிடுறேன். கர்த்தர் உன்ன குடியிலேந்து விடுவிச்சிட்டாருன்னு. நீ பக்கத்துல வந்து தோத்திரம்னு ஒரு வார்த்த சொல்லு, போதும். வேல கெடச்சிடும்."

கிடைத்துவிடும் என்று எனக்கும் தெரிந்தது. ஒரு வார்த்தைதான். இருந்தாலும் முடியவில்லை. "குடிக்காத குடிய நான் எங்கேந்தும்மா விடுறது? வேல போனா போவுது" என்றேன்.

"பேஜார் புடிச்சவனே" என்று மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் ரயில்வேக்காரர் வீட்டில். மழை வந்ததால் அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு போனேன். வாசலோடு திரும்பலாம் என்று இருந்தேன். உள்ளே வரச் சொல்லி, பின்னால் ஒரு நாற்காலி போட்டார்கள். பாட்டு முடிந்தது. சாட்சி சொல்லும் நேரத்தில் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். விடுதலைக் கதையைத்தான் அவிழ்க்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் புள்ள குடிச்சதே இல்ல" என்றாள். "நான்தான் பொய் சொன்னேன். அவனுக்கு நம்பிக்க இல்ல. அத வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவன் பேர நானே கெடுத்துட்டேன். எல்லாரும் என்ன மன்னிக்கணும்." சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

ஓட்டில் மழை விழும் சத்தம்தான். பிறகு எலுமிச்சம்பழ அக்கா கேட்டாள்: "அப்ப மூணு வருஷமா நாங்க ஆருக்குக்கா ஜெபம் பண்ணோம்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு பெரியவர், "எந்தக் குடிகாரனுக்காவது போய்ச் சேந்திருக்கும், விடும்மா" என்றார். அதற்குப் பிறகு அந்த அறை முழுக்கச் சிரித்தது. அம்மாவின் பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னத்த வளத்தே என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கேட்பார்கள் என்று இன்னும் காத்திருந்த மாதிரி.

ரயில்வேக்காரர் பின்னால் திரும்பினார்.

"நெஜமாவே தொட்டதில்லயா?"

"பீடிதான் சார். அதுவும் விட்டாச்சு."

"அப்ப திங்கக்கெழம ஆறரைக்கு வந்துரு. ஒண்ணு சொல்லிடறேன், வண்டி கெளம்புறப்ப பசங்க ஜெபம் பண்ணுவாங்க."

"பண்ணட்டும் சார். நான் கண்ணத் தொறந்து வச்சிருக்கேன். ரோட்டப் பாக்கணும்ல."

அவர் மனைவி சத்தமாகவே ஆமென் என்றாள்.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டில் எப்போதும் நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள். அன்று சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து, பானையை இழுத்துவைத்து, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டாவது முறை போட்டுக்கொண்ட பிறகுதான் நான் நிற்பதைப் பார்த்தாள்.

"இன்னாடா பாக்குற? பசி" என்றாள்.