மாமா சொன்ன வெள்ளி

பசை ஃபேக்டரியின் கேட்டைத் தாண்டி நானும் மாமாவும் பாலக்கோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். இரண்டு பஸ் போய்விட்டது. மாமா கை காட்டவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவருக்கு வேலை போயிருந்தது. அது என்னால் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

மாமா அம்மாவின் தம்பி. அந்த ஃபேக்டரியில் பிளைவுட் ஒட்டும் பசை காய்ச்சினார்கள். அதற்காக ஸ்பிரிட்டை ஆவியாக்கி, தணல்போல் சிவந்த வெள்ளி வலைகளின் வழியே விடுவார்கள். வெளியே வருவது கண்ணைக் கரிக்கும் வேறொரு வாயு. மெல்லிய வெள்ளிக் கம்பியில் துணிபோல நெய்த வலை அது, மடித்தால் மடியும். "வெள்ளி எதையும் குடுக்காது, எதையும் வாங்கிக்காது. சும்மா நிக்கும், வேலை நடந்துரும்" என்பார் மாமா.

ஓரம் பிரிந்த வலை ஒன்றைத் தருமபுரியில் ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்கியிருந்தார். பழுது பார்ப்பதற்காக ஃபேக்டரி அந்த வாரம் நான்கு நாள் மூடியிருந்தது. அவர் தங்கிய அறைக்குப் பூட்டு கிடையாது. எனவே திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். வெளியூர் போகும் பஸ் கிளம்பும் அவசரத்தில், "அக்கா, வெள்ளி. பத்திரம்" என்று மட்டும் சொல்லி வலையை நீட்டிவிட்டு ஓடினார்.

வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வான் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். பார்வைக்குச் சல்லடையாக இருந்ததால் சல்லடைகளோடு அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டுக் களையெடுக்கப் போய்விட்டாள்.

தங்கச்சிக்கு முட்டைக் கருவை மசித்து ஊட்டுவது என் பொறுப்பு. அவித்த கருவை அந்த வலையில் வைத்துத் தேய்த்தால் மஞ்சள் மாவாக உதிர்ந்தது. தங்கச்சி கைகொட்டிச் சிரித்தாள். நான்கு நாளும் அப்படியே செய்தேன். வலை பழுப்பாகிப் பிறகு கறுத்தது. கழுவிப் பார்த்தேன், போகவில்லை. திருப்பி மாட்டிவிட்டேன்.

மாமா திரும்பி வந்ததும் அந்த வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது.

"வெள்ளின்னியே, எடுத்து வெச்சிருக்கேன் பாரு" என்றாள் அம்மா.

"நான் சொன்னது கிழமை இல்லக்கா, பொருளு."

அம்மா வலையைப் பிடுங்கிப் பார்த்தாள். "கொலுசு கறுத்தா புளி போட்டுத் தேய்க்கறதில்லயா? இரு, ஒரு நிமிசம்."

"புளி கிளி பட்டா வலை கெட்டுரும். இப்பிடியே கொண்டுபோறேன்" என்றார் மாமா. என்னையும் கிளம்பச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் வேலமுள் ஒன்றை வைத்து வலையின் கண்களை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே வந்தார். நகத்தில் ஒட்டிய மஞ்சள் துகளைச் சட்டையில் துடைத்தார்.

ஃபேக்டரி ஸ்டோர்க்காரர் வேலைக்குப் புதியவர். வலையைத் தூக்கிப் பிடித்தார். "வெள்ளைவெளேர்னு குடுத்தது. வித்துப்புட்டு இரும்பு வலையக் கொண்டாந்து நீட்டறியா?"

"வெள்ளிதாங்க. வூட்டுல காத்துப் பட்டுக் கறுத்திருச்சுங்க."

"அப்பிடியா? எங்க ஸ்டோர்ல காத்தே அடிக்கறதில்ல பாரு!"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். முட்டை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சும்மா நின்றேன். அவரும் கேட்கவில்லை. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பாலக்கோடு வரைக்கும் நடந்தே வந்தோம். வழியில் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார், அவர் குடிக்கவில்லை.

மறுநாள் காலை தக்காளி மண்டியில் பெட்டி தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டாள். "அங்க காத்து நல்லா அடிக்குதுக்கா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மாமாவுக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்து நானும் சிரித்தேன்.