ஒட்டுப்பால் பந்து

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, றப்பர் மரங்களுக்கு நடுவே, டை கட்டி வினாக்கொத்தோடு நிற்கிறேன். வணிக முகாமைத்துவ விரிவுரையாளர் நான். தோட்டத்தில் எதுவும் வீணாகாமல் எப்படித் திரும்பப் பயன்படுகிறது என்பது ஆராய்ச்சி. டையால் இதுவரை கண்ட பலன், இரத்தம் குடிக்கும் அட்டைகள் ஏற ஒரு வழி.

றப்பர் பால் வெட்டும் செல்லம்மாக்கா வாளியை இறக்குகிறார்.

"சிரட்டையில காயிற ஒட்டுப்பால என்னக்கா செய்வீங்க?"

"எல்லாத்தையும் உரிச்சு ஸ்டோருக்குக் குடுத்துருவோங்க சேர்." சொல்லும்போதே அவர் மடியிலிருந்து ஒட்டுப்பால் பந்தொன்று விழுந்து துள்ளுகிறது. முகம் வெளுக்கிறது. "மகளுக்குங்க... எழுதிராதீங்க. ஆபீசுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்."

எனக்கு எட்டு வயதாகிவிடுகிறது. அம்மா மடியிலும் இப்படித்தான் பந்து வரும். அதே நாற்றம். அந்தப் பந்துக்காகவே வாசலில் காத்திருப்பேன்.

"எங்கம்மாவும் பால் வெட்டுனவங்கதாங்க்கா."

அவர் நம்பவில்லை. மரத்து வெட்டில் நாடாவாகக் காய்ந்திருந்த பாலை உரித்து நீட்டுகிறார். "எங்க, சுத்துங்க பாப்போம்."

இழுத்து இழுத்துச் சுற்றுகிறேன். கோழிமுட்டை மாதிரி வருகிறது.

"அம்மா சுத்துனாங்க, நீங்க வெளாடுனீங்க. அம்புட்டுத்தான்!" சிரித்தபடி தன் பந்தை மடியில் செருகுகிறார்.

'கழிவு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுகிறேன். கீழேயிருந்து கங்காணி ஏறி வருகிறார். பதறிப்போய் முட்டையைக் காற்சட்டைப் பைக்குள் திணிக்கிறேன்.

"இப்பத்தான் சேர் தோட்டத்துப் புள்ள," என்கிறார் செல்லம்மாக்கா, மெதுவாக.